வலிக்கவே இல்லையே என்றார் அப்பா

அப்பாவுக்குச் சர்க்கரை வந்து 16 வருடம். மாத்திரையை ஒரு வேளைகூடத் தவறவிட மாட்டார். போன வருடம் சித்ரா பௌர்ணமிக்குத் திருவண்ணாமலை கிரிவலம் போனார். 14 கிலோமீட்டரும் வெறுங்காலில்தான். ராத்திரி கூட்டம் தாங்காது என்று மதியம் மூன்று மணிக்கே நடக்க ஆரம்பித்துவிட்டார். சித்திரை மாதத்துத் தார் ரோடு எப்படிக் கொதிக்கும்!

மறுநாள் வீடு துடைக்கும்போது அம்மாதான் பார்த்தார்: ஹாலிலிருந்து பூஜையறை வரை அச்சு அச்சாக ஈரக்கறை. காலைத் தூக்கிப் பார்த்தால் இரண்டு பாதத்திலும் கொப்புளம் உடைந்து தோல் சுருண்டு கிடந்தது. "எனக்கு வலிக்கவே இல்லையே" என்றார் அப்பா. வலிக்கவில்லை என்றதும் எங்களுக்கும் பயம் போய்விட்டது. அங்கேதான் தப்பு செய்தோம். மஞ்சளையும் தேங்காய் எண்ணெயையும் குழைத்துப் பூசி ஒன்பது நாள் ஓட்டினோம். வாடை வந்த பிறகே ஆஸ்பத்திரிக்குப் போனோம். அதற்குள் சீழ் எலும்பு வரை இறங்கிவிட்டது. இடது காலில் இரண்டாவது விரலை எடுத்துவிட்டார்கள்.

இத்தனை வருடத்தில் சர்க்கரை டெஸ்டுக்கு எத்தனையோ முறை ரத்தம் கொடுத்திருக்கிறார். செருப்பைக் கழற்றுங்கள், பாதத்தைப் பார்க்கிறேன் என்று யாரும் சொன்னதில்லை. நாங்களும் கேட்டதில்லை.

*

நான் மதுரையில் பாதப் பரிசோதனைப் பிரிவில் நர்ஸ். உங்கள் அப்பா சொன்னதைத்தான் இங்கே தினமும் கேட்கிறேன். பத்து கிராம் அழுத்தத்தில் வளையும் நைலான் இழை ஒன்று இருக்கிறது. கண்ணை மூடச் சொல்லி அதைப் பாதத்தில் வைப்பேன். வைத்து எடுத்த பிறகும் "வைங்க சிஸ்டர்" என்று காத்திருப்பார்கள். அந்த நேரம் எனக்கு மனசு கலங்கிவிடும்.

சர்க்கரை பல வருடம் கட்டுக்கு மீறி இருந்தால் நீளமான நரம்புதான் முதலில் கெடும். அதனால்தான் மதமதப்பு விரல் நுனியில் ஆரம்பிக்கிறது. வியர்வையும் குறைந்து குதிகால் காய்ந்து வெடிக்கும். குதிகாலுக்கு எண்ணெய் தடவுங்கள், விரல் இடுக்கில் மட்டும் வேண்டாம். அங்கே ஈரம் நின்றால் சேற்றுப்புண் வரும். கால் ஆணியை பிளேடால் சீவாதீர்கள். கடையில் விற்கும் ஆணி பிளாஸ்டரும் ஆகாது, அதிலுள்ள ஆசிட் நல்ல தோலையும் அரிக்கும். படுக்கும் முன் வெளிச்சத்தில் உட்கார்ந்து பாதத்தைப் பாருங்கள். குனிய முடியாதவர்கள் கண்ணாடியைத் தரையில் வைத்துப் பார்க்கலாம்.

மரத்த பாதத்துக்கென்று மெத்தென்ற ரப்பரில் செய்யும் எம்.சி.ஆர். செருப்பை, தொழுநோய்க்காரர்கள் போடுவது என்று சிலர் வாங்கக் கூசுகிறார்கள். தொழுநோயில் விரல் போவதற்கு உணர்ச்சி மரத்துக் காயம் படுவதுதான் பெரிய காரணம் என்று டாக்டர் பால் பிராண்ட் வேலூரில் கண்டு சொன்னார். மரத்த பாதம் எந்த நோயால் மரத்திருந்தாலும் அதற்கு வேண்டிய பாதுகாப்பு ஒன்றுதான். கூச்சப்படாமல் போடுங்கள்; குதிகாலில் வார் வைத்ததாக வாங்குங்கள்.

*

நாகர்கோவிலிலிருந்து எழுதுகிறேன், ரிட்டயர்ட் ஆசிரியர். ராத்திரி பஸ்ஸில் முன்சீட்டு. டிரைவர் பக்கத்து இன்ஜின் மூடிமேல் காலை நீட்டித் தூங்கிவிட்டேன். வீட்டில் கால் கழுவும்போது தோல் கையோடு வந்தது. அன்றைக்கே டாக்டரிடம் ஓடினேன். அந்தக் காலை ஊன்றவே கூடாது என்று வாக்கர் கொடுத்தார்கள். ஐந்து வாரத்தில் ஆறியது. மருந்தைவிட ஊன்றாமல் இருந்ததுதான் ஆற்றியது என்று டாக்டர் சொன்னார். இப்போது வெந்நீர் ஒத்தடம் என்றால்கூட என் மனைவி முழங்கையை விட்டுச் சூடு பார்த்த பிறகுதான் தருகிறாள்.

*

எனக்கு மெட்டியால் வந்தது. கால் வீங்கி, மெட்டி இறுகி, அடியில் புண். சுமங்கலி கழற்றக்கூடாது என்று மாமியார் தடுத்தார்கள். கடைசியில் பத்தரிடம் போய் வெட்டி எடுத்தோம்.

*

முதலில் எழுதியவள்தான். சிஸ்டர், அப்பா கோயிலுக்குப் போகாமல் இருக்கமாட்டார். கிரிவலத்தை ஆட்டோவில் சுற்ற ஒத்துக்கொண்டார். பிரகாரத்துக்கு என்ன செய்வது?

*

வெயில் ஏறும் முன்னே போய்வரச் சொல்லுங்கம்மா, இல்லையென்றால் பொழுது சாய்ந்த பிறகு. தடித்த காட்டன் சாக்ஸ் போட்டுக்கொள்ளட்டும், வெள்ளையாக இருந்தால் நல்லது, ரத்தம் கசிந்தால் உடனே தெரியும். வீட்டுக்கு வந்ததும் அம்மாவைப் பாதம் பார்க்கச் சொல்லுங்கள்.