கோர்ட்ல லஞ்சம் கேட்டதை வெளியே சொன்னா அவமதிப்பாகுமா?

வக்கீல் நண்பர்களே, ஒரு சந்தேகம். அப்பாவோட பாகப்பிரிவினை வழக்கு சப் கோர்ட்ல 6 வருஷமா வாய்தா வாய்தாவா இழுக்குது. போன வாரம் வராந்தாவுல ஒருத்தர் மெதுவா வந்து, "ஐயாவைக் கவனிச்சா தீர்ப்பு நல்லபடியா வரும்"னார். கையில எங்க கேஸ் நம்பர் எழுதின துண்டுச்சீட்டு! ஃபேஸ்புக்ல போட்டுடலாம்னு கை பரபரக்குது. ஆனா 2020ல சுப்ரீம் கோர்ட் வக்கீல் பிரசாந்த் பூஷணுக்கு, கோர்ட்டை விமர்சிச்ச ரெண்டு ட்வீட்டுக்காக அவமதிப்பு வழக்குல 1 ரூபாய் அபராதம், கட்டலைன்னா 3 மாசம் ஜெயில்னாங்களே. நமக்கெல்லாம் அவ்வளவு மலிவா முடியுமா?

1971 நீதிமன்ற அவமதிப்புச் சட்டம் 6வது பிரிவுல, கீழ்கோர்ட் நீதிபதி மேல நல்லெண்ணத்தோட ஹைகோர்ட்டுக்குப் புகார் கொடுத்தா அவமதிப்பு ஆகாதுன்னு இருக்கு. அப்போ அங்க யாருக்கு எழுதணும்? அபிடவிட் (உறுதிமொழிப் பத்திரம்) வேணுமா? வந்தவர் நிஜமாவே ஜட்ஜோட ஆளான்னே எனக்குத் தெரியாது, அதை எப்படி எழுதறது? அடுத்த வாய்தாவுக்கு முன்னாடி சொன்னீங்கன்னா புண்ணியமாப் போகும்.