இருட்டில் கொள்ளிடம் ஆற்றில் இறங்கும்போது

வடகரையிலிருந்து:

திருமானூர்ப் பாலத்துக்கும் மதனத்தூர்ப் பாலத்துக்கும் நடுவில் இருக்கிற ஊர்களுக்கு அக்கரை கண்ணெதிரே தெரியும், பாலம் சுற்றினால் பெட்ரோலும் நேரமும் போகும். அதனால் திருவிழா, துக்கம், திட்டில் மேயவிட்ட மாடு என்று ஏதாவது ஒன்றுக்கு ராத்திரியில் இறங்கிவிடுகிறார்கள். வேண்டாம் என்றால் யாரும் கேட்பதில்லை. இறங்குகிறவர்களுக்காவது இது தெரியட்டும்.

கோடையில் ஆறு முழுக்க மணல், நடுவில் தண்ணீர் ஓடுகிற இரண்டு மூன்று ஓடுகால். பயப்படவேண்டியது தண்ணீரை மட்டுமல்ல, மணல் அள்ளிய பள்ளத்தையும்தான். பள்ளத்தின் விளிம்பு செங்குத்தாக நிற்கும், அடியில் குடைந்திருக்கும், ஆள் கால் வைத்தால் சரியும். பத்தடி தள்ளியே நடக்கவேண்டும். தண்ணீர் மூடிய பள்ளம் இன்னும் மோசம். ஆழமில்லாத இடத்தில் நீர் சலசலக்கும், டார்ச் அடித்தால் அடிமணல் தெரியும். சத்தம் அடங்கி, மேற்பரப்பு வழவழவென்று கிடந்து, வெளிச்சம் தரையைத் தொடாவிட்டால் அங்கே நின்றுவிட வேண்டும். பாலத்தூண், குடிநீர்க் கிணறு இவற்றின் அடியிலும் நீர் சுழன்று மணலை அரித்துவிடும். தூணை ஒட்டிப் போனால் பாதுகாப்பு என்று நினைப்பது தப்பு.

டார்ச்சை இடுப்புக்குக் கீழே பிடித்துச் சாய்த்து அடியுங்கள். அப்போதுதான் மேடு பள்ளத்துக்கு நிழல் விழும். தலையில் கட்டும் லைட் கண் மட்டத்திலிருந்து அடிப்பதால் எல்லாம் ஒரே சமமாகத் தெரியும், பனியில் முகத்திலேயே கூசும். செல்போன் லைட்டை நம்பி இறங்குவதைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். போனைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுத் தலைத்துண்டில் கட்டிவிடுங்கள்.

ஆறேழடி மூங்கில் கழி கட்டாயம். ஒவ்வொரு அடிக்கும் முன்னால் குத்திப் பார்க்கணும். கழி தன் கனத்திலேயே அரையடி இறங்கினால் சுற்றிப் போங்கள். தண்ணீர் வடிந்து ஓரிரு நாளான ஓரத்திலும், வண்டல் மூடிய இடத்திலும், ஊற்று கசிகிற இடத்திலும் இப்படி இருக்கும். கால் மாட்டினால் இரண்டு காலையும் மாற்றி மாற்றி இழுக்கக்கூடாது, இன்னும் ஆழமாகப் போகும். பின்னால் சாய்ந்து உட்கார்ந்து உடம்புக் கனத்தைப் பரப்பி, பாதத்தை மெல்ல ஆட்டினால் தண்ணீர் உள்ளே புகுந்து மணல் இளகும், பிறகு ஒவ்வொரு காலாக எடுக்கலாம். ரப்பர் செருப்பு மணலோடு போய்விடும், வெறுங்காலுக்குக் கரையில் சீமைக்கருவேல முள். கயிறு கட்டிய கேன்வாஸ் ஷூதான் சரி.

தென்கரையிலிருந்து:

அண்ணே, ஓடுகாலைத் தாண்டுவதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆறு வளைகிற இடத்தில் வெளிவளைவுப் பக்கம் ஆழம், உள்வளைவில் மணல்திட்டு. அகலமாகப் பரந்து ஓடுகிற இடத்தில்தான் தாண்டவேண்டும், குறுகின இடம் சீக்கிரம் முடியும் என்று போகக்கூடாது. முழங்காலுக்கு மேல் வந்து இழுப்பும் இருந்தால் திரும்பிவிடலாம், தொடை வரை பார்ப்போம் என்பது வேண்டாத வீம்பு. வேட்டி கைலியை மடித்துக் கட்டணும், தொங்கவிட்டால் படகுப் பாயாட்டம் நீரை வாங்கி ஆளைத் தள்ளிவிடும். மூன்று பேராவது போங்கள். ஒரே கழியை நீரோட்டத்தின் போக்கிலேயே நீளவாக்கில் பிடித்து, திடகாத்திரமானவர் மேல்பக்கம் நிற்கணும். இடுப்பில் கயிறு கட்டிக்கொள்வது ஆபத்து, ஒருவர் விழுந்தால் எல்லாரையும் இழுப்பார்.

ஆட்கள் மாட்டிக்கொள்வது பெரும்பாலும் திரும்பும்போதுதான். மேட்டூரிலிருந்து வரும் வெள்ளத்தில் உபரியை, திருச்சிக்கு மேற்கே காவிரி பிரிகிற முக்கொம்பில் கொள்ளிடத்துக்குத்தான் திருப்புவார்கள். அது நம்ம பக்கம் எப்போது வரும் என்பது மணல் எவ்வளவு காய்ந்து கிடக்கிறது என்பதைப் பொறுத்தது, முதல் தண்ணீரை மணலே குடித்துவிடும். உபரிநீர் திறப்பு என்று செய்தி வந்த நாளில் எத்தனை கன அடி என்று கணக்குப் போடாமல் கரையிலேயே இருந்துவிடுங்கள். செய்தியே வராமலும் வரலாம். வெள்ளைக்கார இன்ஜினியர் ஆர்தர் காட்டன் 1830களில் முக்கொம்பில் கட்டிய மேலணையில் 2018 ஆகஸ்ட் 22 இரவு மதகுகள் உடைந்தது அறிவிப்புக் கொடுத்துவிட்டா நடந்தது?

இறங்கும் இடத்தில் நீர் விளிம்பில் ஒரு குச்சி நட்டு, நாலு விரல் மேலே துணி கட்டிவிடுங்கள். திரும்பும்போது துணி நனைந்திருந்தால் அந்த வழி இல்லை. அக்கரையிலேயே படுத்துக்கொண்டு காலையில் பாலம் வழியாக வரவேண்டியதுதான். நுரையும் செத்தையும் மிதந்து வந்தால், தெளிந்த நீர் திடீரென்று கலங்கினால், குச்சியைப் பார்க்கக்கூட நிற்காதீர்கள், பக்கத்துக் கரைக்கு ஏறுங்கள். நடுத்திட்டில் ஒதுங்கவே வேண்டாம்.

திசைக்கு ஒற்றை விளக்கை நம்பாமல், முன்னும் பின்னுமாக இரண்டு விளக்கு ஒரே கோட்டில் தெரிகிறதா என்று பாருங்கள், டவர் சிவப்பு லைட்டும் தெருவிளக்கும் போல. கோடு விலகினால் நீங்களும் விலகியிருக்கிறீர்கள். கரண்ட் போனால் இது உதவாது, அதனால் ஏறும் துறையில் ஒருவரை விளக்கோடு நிறுத்துங்கள். மார்கழி, தைப் பனியில் எந்த விளக்கும் தெரியாது.

அணைக்கரைப் பக்கத்திலிருந்து:

தம்பி, எங்கள் பக்கம் முதலை உண்டு. கோடையில் தண்ணீர் வற்ற வற்ற மிச்சமிருக்கிற மடுவில்தான் அடையும். நீர் மட்டத்தில் டார்ச் அடித்துச் சிவப்பாக இரண்டு புள்ளி தெரிந்தால் அந்த மடுவை விட்டுவிடுங்கள். அசையாமல் கிடந்தால் தூங்குகிறது என்று அர்த்தமில்லை.

கரையேறும்போது நாணல் புதரில் பாம்பு. கட்டுவிரியன் கடித்தால் வலியோ வீக்கமோ பெரிதாக இருக்காது, முள் என்று நினைத்துவிடுவார்கள். பிறகு வயிற்றுவலி வரும், இமை தானாக இறங்கும். இறுக்கிக் கட்டுவது, கீறுவது எதுவும் வேண்டாம், நடக்கவும் விடாதீர்கள். தூக்கிக்கொண்டு நேரே அரசு ஆஸ்பத்திரி. 108-க்கு அழைத்தால் "கொள்ளிடக் கரை" என்று மட்டும் சொன்னால் வண்டி சுற்றிக்கொண்டே இருக்கும். இறங்கும் துறை, ஏறும் துறை இரண்டின் ஊர்ப் பெயரையும் எந்த மாவட்டம் என்பதையும் முன்கூட்டியே தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்.