ஒரே இணைப்பில் நேரலை வகுப்பும் ஆல்பம் பதிவேற்றமும்: பேண்ட்வித்தைப் பிரிப்பது எப்படி?

கேள்வி – திருமங்கலத்தான்

வணக்கம். திருமங்கலத்தில் எங்கள் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் புகைப்பட நிலையமும் மாடியில் போட்டித் தேர்வுப் பயிற்சிக் கூடமும் இயங்குகின்றன. இரண்டுக்கும் சேர்த்து, ஏற்றத்திலும் (பதிவேற்றம்) இறக்கத்திலும் (பதிவிறக்கம்) 20 எம்பிபிஎஸ் (நொடிக்கு 20 மெகாபிட்) தரும் ஒரே ஃபைபர் இணைப்புதான் இருக்கிறது. ஆவணி முகூர்த்தங்கள் தொடங்கிவிட்டதால், மாலையில் திருமண ஆல்பக் கோப்புகளைச் சிவகாசி அச்சகத்தின் சர்வருக்கு அனுப்புகிறோம். அதே நேரத்தில், இருட்டிய பின் பேருந்தேறி வர முடியாத பேரையூர், உசிலம்பட்டிப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு மாடியிலிருந்து ஜூமில் நடத்தப்படும் வகுப்பில், ஆசிரியரின் குரல் விட்டு விட்டுக் கேட்கிறது.

ரவுட்டராக இருக்கும் டெபியன் லினக்ஸ் கணினியில், தரவுப் போக்குவரத்தை ஒழுங்குபடுத்தும் டிசி (tc) கட்டளையால், பேண்ட்வித்தைப் பிரிவுகளாகப் பங்கிடும் எச்டிபி (HTB) முறையை அமைத்தேன். மொத்த அளவு 20000கேபிபிஎஸ். அச்சகத்தின் முகவரிக்குச் செல்வதற்கு 4000கேபிபிஎஸ். ஆசிரியரின் கணினியான 192.168.1.10-இலிருந்து புறப்படுவதற்கு முதல் முன்னுரிமை. பிழைச்செய்தி எதுவும் வரவில்லை, பயனும் இல்லை. எங்கே தவறினேன்?

மறுமொழி – வைகைக்கரை

ஐயா, முதல் தவறு அலகில் இருக்கிறது. இணைப்புத் தருபவர் சொல்லும் கேபிபிஎஸ் கிலோபிட். டிசி கட்டளையிலோ அதே எழுத்துகள் நொடிக்கு இத்தனை கிலோபைட் என்று பொருள்படும். ஒரு பைட் எட்டு பிட் என்பதால், நீங்கள் அச்சகத்துக்கு விதித்த 4000கேபிபிஎஸ் உண்மையில் 32 எம்பிட் (மெகாபிட்). உங்கள் இணைப்பே 20 தான் என்னும்போது, அது எதையும் தடுக்கப் போவதில்லை. கேபிட் அல்லது எம்பிட் என்றே எழுதுங்கள்.

மொத்த அளவையும் 20 என்று வைக்காமல் 19 எம்பிட் என்று வையுங்கள். பாக்கெட்டுகள் (அனுப்பப்படும் தரவுத் துண்டுகள்) காத்திருக்கும் வரிசை உங்கள் கணினியில் இருந்தால்தான் யாரை முன்னே விடுவது என்று நீங்கள் முடிவு செய்ய முடியும். அது ஃபைபர் மோடத்துக்குள் போய்விட்டால், முன்னுரிமை எத்தனை கவனமாக எழுதப்பட்டிருந்தாலும் செல்லாது. அந்த 1 எம்பிட்டை இழப்பாகக் கருத வேண்டாம்.

அதற்குள் வகுப்புக்கு ரேட் (உறுதியாகக் கிடைக்கும் அளவு) 8, அச்சகத்துக்கு 4, மற்றவற்றுக்கு 7 என்று பிரித்து, மூன்றுக்கும் சீல் (உச்ச வரம்பு) 19 கொடுங்கள். வகுப்பு இல்லாத வேளையில் ஆல்பம் முழு வேகத்தில் போகும். வகுப்பு தொடங்கியதும் தானாக ஒதுங்கும். மற்றவற்றுக்கான பிரிவை டிஃபால்ட்டாகக் குறிப்பிட மறவாதீர்கள். குறிப்பிடாவிட்டால் எந்த ஃபில்டரிலும் (பாக்கெட்டை உரிய பிரிவுக்கு அனுப்பும் விதி) சிக்காத பாக்கெட்டுகள் கட்டுப்பாடே இன்றி வெளியேறும்.

மறுமொழி – மேலூர் வலையர்

மேலே சொன்னவை சரி. ஆனால் ஆசிரியரின் கணினிக்கான ஃபில்டர் அலகைத் திருத்திய பிறகும் வேலை செய்யாது. பாக்கெட் வெளி அட்டையின் (இணையப் பக்கத்து நெட்வொர்க் அட்டை) வரிசைக்கு வருவதற்கு முன்பே நேட் (உள்கணினியின் முகவரியைப் பொது முகவரியாக மாற்றுவது) நடந்துவிடுவதால், 192.168.1.10 என்ற முகவரி அங்கே இருக்காது. லினக்ஸின் ஃபயர்வால் கருவியான ஐபிடேபிள்ஸின் மேங்கிள் அட்டவணையில், முகவரி மாறுவதற்கு முந்தைய ஃபார்வர்டு நிலையிலேயே அதற்கு மார்க் (அடையாளக் குறி) இட்டு, டிசியில் அந்த மார்க்கைக் கொண்டு பிரியுங்கள். சேருமிட முகவரியை இந்த நேட் மாற்றாததால், அச்சகத்துக்கான ஃபில்டர் அப்படியே இருக்கலாம்.

அந்தக் கணினியிலிருந்து செல்லும் எல்லாவற்றுக்கும் முன்னுரிமை தருவதைவிட, ஜூம் பயன்படுத்தும் யுடிபி 8801 முதல் 8810 வரையிலான போர்ட்டுகளுக்கு மட்டும் தருவதே முறை என்பது என் கருத்து; இல்லாவிட்டால் ஆசிரியர் ஒரு காணொளியைப் பதிவேற்றினாலும் அது வகுப்போடு சேர்ந்து முன்னே ஓடும். ஒவ்வொரு பிரிவின் அடியிலும், இணைப்புகளுக்கு நியாயமாக முறை தரும் வரிசை முறையான எஃப்கியூ-கோடெல் (fq_codel) சேர்த்தால், ஒரே பிரிவுக்குள் ஒருவருடைய பெரிய கோப்பு மற்றவரை நெருக்காது. லினக்ஸ் 3.5 முதல் அது கெர்னலிலேயே உண்டு.

இறக்கத்தையும் ஒழுங்குபடுத்த விரும்பினால், லேன் (உள் நெட்வொர்க்) பக்கத்து அட்டையில் இதே போன்ற அமைப்பைச் செய்யுங்கள். அங்கே சேருமிட முகவரி உள்கணினியின் முகவரியாகவே இருக்கும்.

திருமங்கலத்தான்

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. நேற்று மாலை வகுப்பு நடக்கும்போதே 6 ஜிபி ஆல்பம் ஒன்றை வேண்டுமென்றே அனுப்பிப் பார்த்தோம். ஏறத்தாழ 50 நிமிடத்தில் போய்ச் சேர்ந்தது. முன்பு 400 மில்லிநொடியைத் தாண்டிய பிங் (பாக்கெட் போய்த் திரும்பும் நேரம்) 20-க்குள் நின்றது, வகுப்பில் குரல் ஒருமுறைகூட அறுபடவில்லை. டிசியின் புள்ளிவிவரத்தைப் பார்த்தபோது மார்க் இட்ட பிரிவில் பாக்கெட் எண்ணிக்கை ஏறிக்கொண்டே இருந்தது. முன்பு அந்த இடத்தில் பூச்சியம் இருந்ததை நான் கவனித்திருக்க வேண்டும். லேன் பக்கத்து அமைப்பை ஞாயிற்றுக்கிழமை செய்கிறேன்.