இராயக்கோட்டையும் கிருஷ்ணகிரியும்: ஒரே நாளில் இரு மலைக்கோட்டைகள்

இன்றைய கிருஷ்ணகிரி, தருமபுரி வட்டாரமான பாராமகாலின் கோட்டைகளைத் தனித்தனியாக ஏறிப் பார்த்தவர்கள் நம்மில் பலர் இருப்பீர்கள். ஆனால் இராயக்கோட்டையையும் கிருஷ்ணகிரிக் கோட்டையையும் ஒரே நாளில் சேர்த்து ஏறினால்தான் இரண்டுக்கும் உள்ள வேறுபாடு கால்களுக்கே விளங்கும் என்பது என் உறுதியான கருத்து.

விடியற்காலையில் இராயக்கோட்டையில் தொடங்கினோம். சிதைந்த வாயில்களையும் மதில்களையும் கடந்து செல்லும் அந்தப் பாதையில் மூச்சு வாங்கினாலும் அச்சம் ஏற்படுவதில்லை. உச்சியில் இடிந்த கட்டடங்களுக்கு அருகே சுனையில் பாசி படர்ந்திருந்தது. மதிலின் கல்லிடுக்கில் வேர்விட்டிருந்த ஓர் அரசங்கன்று, சுண்ணாம்புச் சாந்தைப் பிளந்து கல்லையே வெளியே தள்ளிக்கொண்டிருந்ததைக் கண்டு வருந்தினேன்.

வெயில் ஏறுவதற்குள் இறங்கி, பேருந்தில் கிருஷ்ணகிரிக்கு வந்து, நண்பகல் முழுவதும் ஓய்வெடுத்தோம். இந்த இடைவெளியை யாரும் குறைக்க வேண்டாம். கருங்கல் பாறை உள்வாங்கிய வெப்பத்தை எளிதில் விடுவதில்லை. மாலை நான்கு மணிக்குக் கையை ஊன்றியபோதும் கிருஷ்ணகிரிக் கோட்டை இருக்கும் சையத் பாஷா மலையின் பாறை சுட்டது.

இங்கே ஏற்றம் முற்றிலும் வேறு. பாறையில் வெட்டிய படிகள் தேய்ந்து வழவழப்பாக இருப்பதால், பாதத்தை முழுமையாகப் பதித்து ஏற வேண்டியிருந்தது. மூன்றாம் மைசூர்ப் போரில், 1791 ஜூலையில் இராயக்கோட்டை ஆங்கிலேயர் வசமானது. அதே ஆண்டு நவம்பரில் ஆங்கிலேயத் தளபதி மேக்ஸ்வெல்லின் படை கிருஷ்ணகிரியின் பேட்டையையும் (கோட்டையடி ஊர்) கீழ்க்கோட்டையையும் பிடித்தும், மேல்கோட்டையை நெருங்க முயன்று பின்வாங்கியது. மேலிருந்து ஒரு கல்லை உருட்டிவிட்டாலே கீழே ஏறி வருபவர் தப்ப இடமில்லாத அந்தச் சரிவில் நின்றபோது, காலையில் ஏறிய பாதை நினைவில் இருந்ததால், அந்தத் தோல்விக்கு வேறு விளக்கம் தேவைப்படவில்லை. 1792ஆம் ஆண்டு ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையின் வழியாகவே பாராமகால் ஆங்கிலேயர் கைக்குச் சென்றது.

ஜெகதேவிக் கோட்டையையும் அன்றே சேர்க்கலாமா என்று சிலர் கேட்கிறீர்கள். நான் பரிந்துரைக்க மாட்டேன். களைத்த முழங்கால்களுடன், மங்கிய வெளிச்சத்தில் வழுக்குப் பாறையில் இறங்குவது ஆபத்தானது. இரண்டு மலைகளுக்கும் சேர்த்து ஆளுக்கு நான்கு லிட்டர் தண்ணீராவது எடுத்துச் செல்லுங்கள். சுனை நீரை நம்பிப் போக வேண்டாம்.