ஆடியில காஞ்சு கிடக்கிற குளத்துக்கு மாரியில மீன் எங்கால வருது?

வழுக்கையாத்தான்:
வணக்கம். எங்கட இடம் யாழ்ப்பாணத்தில கந்தரோடைப் பக்கம். வயலுக்கு நடுவில சின்னக் குளம் ஒண்டு இருக்கு, ஆடியில நிலம் வெடிச்சுப்போய்க் கிடக்கும், பொடியள் கிரிக்கெட் அடிப்பாங்கள், ஆனா கார்த்திகை மழைக்கு நிரம்பினா கொஞ்ச நாளிலயே மீன் துள்ளத் தொடங்கிடும். ஒருத்தரும் கொண்டுவந்து விடேல்லை. அம்மம்மா மழையோட விழுறது எண்டுறா. மற்றது, விசில் அடிச்ச மாதிரிக் கத்திக்கொண்டு மண்ணிறத் தாராக் கூட்டம் ஒண்டு நிக்குது, சைபீரியாவில இருந்து வந்ததோ?

குளக்கட்டு:
தாரா சைபீரியா இல்லை தம்பி, அது எங்கட சிறகி, வருசம் முழுக்க இங்கதான், மரப்பொந்திலயும் முட்டை இடும். வெளியில இருந்து வாறது ஊசிவால் தாரா மாதிரியானதுகள், அதுகளைப் பாக்கிறதெண்டா தொண்டைமானாறுப் பக்கம் போங்கோ. தாமரை இருந்தா நீளவால் இலைக்கோழியையும் தேடிப் பாருங்கோ. இலைக்கு மேலயே நடக்கும், பெட்டை முட்டையை இட்டிட்டு வேற சோடி தேடிப் போயிடும், அடைகாத்துக் குஞ்சு வளக்கிறது முழுக்கச் சேவல்தான்.

விரால்பிரியன்:
மீன் கதைக்கு வாறன். விரால் செவுளால மட்டும் மூச்சு விடுறதில்லை, மேல வந்து காத்தையும் குடிக்கும், அதால தண்ணி வத்தேக்க ஈரச் சேத்துக்குள்ள புதைஞ்சு கிடந்து மழைக்கு வெளிய வந்திடும். ஆனா சேறு அடியோட காஞ்சா அதுவும் செத்துப்போம். மிச்ச மீனெல்லாம் வெள்ளத்தோட ஏறி வாறது. வழுக்கையாறு மாரியில மட்டும்தானே ஓடுது, அப்ப வாய்க்கால், வயல், குளம் எல்லாம் ஒரே தண்ணியாப் போகும், ஆழமான குளத்தில தப்பி நிண்டது அதுக்குள்ளால நீந்தி உங்கட குளத்துக்கு வந்திடும்.

புதுப்பொடி:
அப்ப அடிக்குச் சீமெந்து போட்டா வருசம் முழுக்கத் தண்ணி நிக்கும்தானே?

குளக்கட்டு:
ஐயோ ராசா, வேண்டாம்! குளம் வத்திறது வெயிலால மட்டும் இல்லை, கனக்கத் தண்ணி கீழ இறங்குது. எங்கட நிலத்துக்கு அடியில கிடக்கிறது சுண்ணாம்புக்கல்லு, அதின்ர வெடிப்புக்குள்ள மழைத்தண்ணி போய், உப்புத்தண்ணிக்கு மேல எண்ணெய் மாதிரி மிதந்துகொண்டு நிக்குது. கடல் மட்டத்துக்கு மேல நல்ல தண்ணி 1 மீற்றர் நிண்டா கீழ கிட்டத்தட்ட 40 மீற்றர் நிக்கும் எண்டு ஒரு கணக்கு இருக்கு. அப்ப மேல கொஞ்சம் குறைஞ்சாலே கீழ இருந்து உப்பு எவ்வளவு ஏறும் எண்டு யோசிச்சுப் பாருங்கோ. சீமெந்தைப் போட்டா குளம் வடிவாத்தான் இருக்கும், பக்கத்துக் கிணறுகள் சவராப் போகும். தூர் வாரலாம், அதையும் கண்டபடி ஆழமாத் தோண்டக் கூடாது.

வழுக்கையாத்தான்:
நன்றி அண்ணையவை. அம்மம்மாட்ட விரால் கதை சொன்னனான். "அப்ப முதல் விரால் எங்கால வந்தது?" எண்டு கேக்கிறா.