ஏழு பேர், இருபது கொண்டை ஊசி வளைவு: எந்த ஜப்பான் வண்டி வாங்கலாம்?

அஸ்தம்பட்டி டீச்சர்:

வணக்கம். சேலம் அஸ்தம்பட்டியில் இருக்கிறேன், பள்ளியில் கணக்கு டீச்சர். கணவருக்கு ஓசூரில் வேலை, சனிக்கிழமைதான் வீட்டுக்கு வருவார். மாமாவுக்கு ஏற்காட்டில் நாகலூர் பக்கம் ரெண்டே கால் ஏக்கர் காப்பி, ஊடே மிளகு. அதனால் மாதம் மூன்று முறையாவது மலை ஏறி இறங்குகிறோம். வண்டி ஓட்டுவது பெரும்பாலும் நான்.

வீட்டில் ஏழு உருப்படி. நான், கணவர், ஒன்பதாவது படிக்கும் மகன் (இப்போதே என்னைவிட உயரம்), மூன்றாவது படிக்கும் மகள், மாமா, அத்தை, அப்புறம் மாமாவைப் பெற்ற ஆயா. ஆயாவுக்கு 84 வயது. மாமாவுக்குப் போன வருடம்தான் வலது முட்டி மாற்று அறுவை சிகிச்சை நடந்தது. மகளுக்கு மலைப்பாதை என்றாலே வாந்தி. எலுமிச்சம்பழமும் பிளாஸ்டிக் கவரும் கையில் இல்லாமல் அடிவாரத்தைத் தாண்டுவதில்லை.

இப்போது இருப்பது 2013இல் வாங்கிய சின்ன பெட்ரோல் கார். பொங்கலுக்கு எல்லாரையும் மேலே கொண்டுபோக ஒரே நாளில் ரெண்டு நடை அடித்தேன். ரெண்டாவது நடைக்காக இறங்கி வந்தபோது அடிவாரத்தில் முன்சக்கரத்திலிருந்து கருகல் நாற்றம். பதறிப்போய் பாட்டில் தண்ணீரை ஊற்றப் போனேன், டீக்கடைக்காரர் ஓடி வந்து கையைப் பிடித்துத் தடுத்தார். அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன், ஏழு பேரும் ஒரே வண்டியில்தான் போக வேண்டும்.

ஜப்பான் கம்பெனி வண்டிதான் வேண்டும் என்கிறார் மாமா. அவருடைய நண்பரின் பழைய டொயோட்டா குவாலிஸ் இன்னும் காப்பி மூட்டை ஏற்றிக்கொண்டு ஓடுகிறதாம். அதற்கு மேல் அவரிடம் பேச முடியாது. எல்லாச் செலவும் சேர்த்து 20 லட்சம், இழுத்துப் பிடித்தால் 21. பழைய டொயோட்டா இன்னோவா கிரிஸ்டா டீசல், புது மாருதி சுசுகி எர்டிகா, டொயோட்டா இன்னோவா ஹைகிராஸ் பெட்ரோல் என்று மூன்று பெயர் எழுதி வைத்திருக்கிறேன். அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

கொண்டலாம்பட்டி ஸ்பேனர்:

டீச்சர், முதலில் அந்த டீக்கடைக்காரருக்கு ஒரு கும்பிடு. கொதிக்கும் டிஸ்க்கில் தண்ணீர் ஊற்றினால் வளைந்துபோகும், விரிசலும் விடும். பிரேக் கருகியது வண்டியின் குற்றம் இல்லை. எந்த கியரில் ஏறினீர்களோ அதே கியரில் இறங்க வேண்டும். நாலாவதில் போட்டுக்கொண்டு பிரேக்கிலேயே காலை வைத்து வந்திருப்பீர்கள். எவ்வளவு விலை கொடுத்து வாங்கினாலும் அப்படி இறங்கினால் இதே நாற்றம்தான்.

நான் 11 வருடம் இன்னோவா டாக்ஸி ஓட்டிவிட்டு இப்போது ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறேன். என் மனசு கிரிஸ்டா பக்கம், ஒளிக்கவில்லை. 2016இல் வந்த மாடல். சேஸிஸ் என்கிற அடிச்சட்டம் தனி, பாடி தனி. பின்சக்கரம் தள்ளும் வண்டி. ஏற்றத்தில் எடை எல்லாம் பின்னால் சாயும், அப்போது தள்ளுகிற சக்கரத்துக்குத்தான் பிடிமானம் கூடும். மழைக்காலத்தில் ஏழு பேரோடு வளைவில் நிறுத்தி எடுத்துப் பாருங்கள், முன்சக்கரம் இழுக்கிற வண்டி கீச்சென்று சுற்றும், இது நகரும். 2.4 டீசலுக்கு 150 குதிரைத்திறன், 343 நியூட்டன் மீட்டர் இழுவை. டர்போ இருப்பதால் உயரத்தில் மூச்சு வாங்காது. டர்போ இல்லாத பெட்ரோல் 100 மீட்டர் ஏறினால் சுமார் 1 சதவீதம் பலம் இழக்கும். ஏற்காடு 1,500 மீட்டர், கணக்கு உங்களுக்கே தெரியும்.

ஆனால் உங்களிடம் ரெண்டு கேள்வி. பள்ளிக்கூடம் வீட்டிலிருந்து எவ்வளவு தூரம்? 2020க்கு அப்புறம் வந்த பிஎஸ்6 (புகைக் கட்டுப்பாட்டு விதி) டீசலில் புகைக்கரியைப் பிடிக்கும் ஃபில்டர் உண்டு. இன்ஜின் நன்றாகச் சூடேறி ஒரே வேகத்தில் கொஞ்ச நேரம் ஓடினால்தான் அந்தக் கரி எரியும். தினம் 3 கிலோமீட்டர் போய் நிறுத்தினால் அடைத்துக்கொண்டு டேஷ்போர்டில் விளக்கு எரியும். ரெண்டாவது, போன வருடம் ஏழு பேரும் ஒன்றாகப் போனது எத்தனை தடவை? எண்ணிச் சொல்லுங்கள்.

அம்மாப்பேட்டை தறிக்காரி:

அக்கா, எங்களிடம் டொயோட்டா ரூமியன் இருக்கிறது. எர்டிகாவேதான், முன்பக்கமும் பேட்ஜும் மட்டும் வேறு. ரெண்டு வருடமாக ஓட்டுகிறோம், சர்வீஸ் செலவு தவிர ஒரு ரூபாய் வைக்கவில்லை. லீ பஜார் சந்துக்குள் திருப்பலாம். பெரியவங்க ஏறி இறங்கச் சுலபம், உட்காரும் இடம் தாழ்வாக இருக்கும்.

மலையைப் பற்றி உள்ளதைச் சொல்கிறேன். 1.5 லிட்டர் இன்ஜின், 103 குதிரைத்திறன். நாலு பேர் என்றால் பாட்டுப் பாடிக்கொண்டு ஏறலாம். ஏழு பேர் என்றால் ரெண்டாவது கியர்தான், சில வளைவில் முதல் கியர். வீட்டுக்காரர் ஏசியை அணைத்துவிடுவார், உள்ளே இருக்கிற அத்தனை பேரும் அவரைத் திட்டுவார்கள். எங்களுடையது சிஎன்ஜி, அது பலம் இன்னும் குறைவு. போதாததற்கு மூன்றாவது வரிசைக்குப் பின்னால் சிலிண்டர் உட்கார்ந்துகொள்வதால் பையை மடியில் வைத்துக்கொண்டுதான் பயணம். வாங்கினால் பெட்ரோல் மட்டும் வாங்குங்க.

இன்னொன்று, 2024இல் குளோபல் என்கேப் மோதல் சோதனையில் எர்டிகாவுக்கு 1 ஸ்டார்தான் கிடைத்தது. 2025இல் ஆறு ஏர்பேக் எல்லா வகையிலும் கொடுத்துவிட்டார்கள் என்றாலும், குழந்தைகளை மூன்றாவது வரிசையில் உட்காரவைக்கும்போது எனக்கு அது மனசில் ஓடும்.

செவ்வாய்ப்பேட்டை வெள்ளிக்காரர்:

ஹைகிராஸ் ஹைப்ரிட் (பெட்ரோலோடு மின்மோட்டாரும் சேர்ந்தது) வைத்திருக்கிறேன். மலை இறங்கும்போது கியரைக் கையால் குறைத்துவிட்டால் மோட்டாரே வண்டியைப் பிடித்து இழுக்கும், பேட்டரியும் ஏறும். இருபது வளைவிலும் பிரேக்கில் கால் வைப்பது கொஞ்சம்தான். போக வர எனக்கு லிட்டருக்கு 17 கிலோமீட்டர் கிடைக்கிறது. ஹைப்ரிட் பேட்டரிக்கு 8 வருடம் அல்லது 1,60,000 கிலோமீட்டர் வாரண்டி. பட்ஜெட்டை ஏற்றுங்கள் மேடம், இதற்குமேல் என்ன சொல்ல.

அஸ்தம்பட்டி டீச்சர்:

எல்லாருக்கும் நன்றி. வெள்ளிக்காரர் சார், அந்த வண்டி 25 லட்சத்தைத் தாண்டுகிறது, என் சம்பளம் தாண்டவில்லை. தமிழ்நாட்டில் 2023 நவம்பரிலிருந்து 10 முதல் 20 லட்சம் வரையுள்ள புதுக் காருக்கு ஆயுள் வரி 18 சதவீதம், 20 லட்சத்துக்கு மேல் 20 சதவீதம். 18 லட்சம் விலையுள்ள வண்டி என்றால் வரி மட்டும் 3,24,000 ரூபாய். அதனால் புது ஹைகிராஸ் பெட்ரோலும் என் நோட்டில் அடிபட்டுவிட்டது.

ஸ்பேனர் அண்ணா, பள்ளிக்கூடம் இரண்டரை கிலோமீட்டர். ஏழு பேரும் சேர்ந்து போனதை காலண்டரைப் பார்த்து எண்ணினேன், 14 தடவை. அதில் 9 மலைக்கு. மீதி தாரமங்கலம், பழனி, ரெண்டு கல்யாணம், ஒரு கருமாதி.

போன ஞாயிற்றுக்கிழமை மாமாவையும் ஆயாவையும் மகனையும் கூட்டிக்கொண்டு ரெண்டு இடம் போய் வந்தேன். நான் விலை கேட்க வாய் திறப்பதற்குள் ஆயா கிரிஸ்டாவின் படியைப் பார்த்துவிட்டார். "இது லாரி, எனக்கு எதுக்கு லாரி" என்றார். சேஸிஸுக்கு மேல் தளம் இருப்பதால் அவ்வளவு உயரம் என்று விளக்கினேன், காதில் வாங்கவில்லை. கடைப்பையன் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல் கொண்டுவந்து போட்டான். மாமா அதில் ஏறி, முட்டியை மடக்க முடியாமல் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார். முகம் சிவந்துபோனது, வலியா வெட்கமா என்று நான் கேட்கவில்லை.

எர்டிகாவில் ரெண்டு பேரும் தாமாகவே ஏறி உட்கார்ந்தார்கள். ஆனால் மகன் மூன்றாவது வரிசைக்குப் போய் முட்டியைத் தாடைக்குக் கொண்டுவந்து, "அம்மா, நாகலூர் வரைக்கும் இப்படியேவா?" என்றான். அவனுக்கு இன்னும் வளர்த்தி இருக்கிறது. மூன்றாவது வரிசையில் வேறு யாரைப் போடுவது? பின் அச்சுக்கு மேலே இருக்கிற இருக்கை, வளைவில் அதிகம் ஆடுவது அதுதான். மகளை அங்கே வைத்தால் எலுமிச்சம்பழத் தோப்பே வேண்டும். அத்தை தான் போவதாகச் சொன்னார். அத்தை எப்போதும் அப்படித்தான் சொல்வார், அதற்காக விட்டுவிட முடியுமா?

கொண்டலாம்பட்டி ஸ்பேனர்:

சரி, கிரிஸ்டாவை விட்டுவிடுங்கள். இரண்டரை கிலோமீட்டர் என்று சொன்னதுமே எனக்கும் பாதி மனசு போய்விட்டது.

2023இல் பதிவான ஹைகிராஸ் பெட்ரோல், ஒரே ஓனர், கிடைக்குமா என்று தேடுங்கள். ஆயுள் வரி முன்னமே கட்டியிருக்கும், தமிழ்நாட்டுப் பதிவாகவே பார்த்தால் பெயர் மாற்றும்போது மறுபடி வரி இல்லை. தனி சேஸிஸ் கிடையாது, அதனால் படி தாழ்வு. முன்சக்கரம் இழுக்கும் வண்டிதான், நான் சொன்ன குறை இதற்கும் உண்டு. டயர் மட்டும் தேயாமல் பார்த்துக்கொள்ளுங்கள். 2 லிட்டர், 174 குதிரைத்திறன் இருப்பதால் உயரத்தில் கொஞ்சம் போனாலும் எர்டிகா மாதிரி திணறாது. சிவிடி என்கிற தானியங்கி கியர்தான் என்றாலும் கையால் குறைக்கும் வசதி இருக்கிறது, இறங்கும்போது அதைப் பயன்படுத்துங்கள். மைலேஜ் எதிர்பார்க்காதீர்கள். மலையில் ஒற்றை இலக்கம் வந்தால் என்னைத் திட்டக் கூடாது.

நடுவில் ரெண்டு தனி இருக்கை உள்ள ஏழு பேர் வகையைப் பாருங்கள். ஆயாவுக்குக் கை வைக்க இடம் கிடைக்கும், நடுவழியாகவே பையன் பின்னால் போய்விடுவான், மாமா எழுந்து வழிவிட வேண்டியதில்லை. காப்பி மூட்டை ஏற்றுகிற நாளில் பின் வரிசையை மடக்கிக்கொள்ளலாம், தளம் நனையாமல் ஒரு தார்ப்பாய் விரியுங்கள். ஈரக் காப்பி நாற்றம் ஏசிக்குள் போனால் போகாது, அனுபவம்.

வாங்கும் முன் ஆர்சியில் முதல் பதிவு என்ன வகை என்று பார்க்க வேண்டும். மஞ்சள் போர்டை வெள்ளையாக மாற்றி விற்கிறவர்கள் உண்டு. சர்வீஸ் பில்லில் உள்ள கிலோமீட்டரும் மீட்டரில் உள்ளதும் ஒத்துப்போகிறதா பாருங்கள். ஓட்டுநர் சீட்டின் ஓரமும் பிரேக் பெடல் ரப்பரும் பொய் சொல்லாது. 30,000 கிலோமீட்டர் என்று சொல்லும் வண்டியில் பெடல் ரப்பர் மழமழவென்று இருந்தால் எழுந்து வந்துவிடுங்கள். சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்துப் பார்த்தால் வெள்ளத்தில் நின்ற வண்டியா என்று தெரியும், அடிப்பகுதியில் சேற்றுக் கோடு இருக்கும்.

அம்மாப்பேட்டை தறிக்காரி:

அக்கா, ஓட்டிப் பார்க்கும்போது ஏழு பேரையும் ஏற்றிக்கொண்டு கோரிமேடு தாண்டி அடிவாரம் வரைக்குமாவது போங்க, முடிந்தால் ரெண்டு வளைவு ஏறுங்க. நாங்கள் ஐந்து ரோட்டைச் சுற்றிவிட்டு வாங்கினோம், அதனால்தான் ஏசி கதையெல்லாம் அப்புறம் தெரிந்தது.

அஸ்தம்பட்டி டீச்சர்:

ஒரு வண்டி அகப்பட்டிருக்கிறது. 2023 பதிவு, ஒரே ஓனர், 41,000 கிலோமீட்டர், கேட்கும் விலை 18.5 லட்சம். சேலம் பதிவுதான். ஓனரிடம் ஏழு பேரோடு நாலு வளைவு ஏறிப் பார்க்க வேண்டும் என்றேன், கொஞ்ச நேரம் பேசவில்லை, அப்புறம் பெட்ரோல் நீங்கள் போட்டால் சரி என்றார். ஸ்பேனர் அண்ணா, ஞாயிறு காலை பத்து மணிக்கு உங்கள் ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன், பெடல் ரப்பரை நீங்களே பார்த்துவிடுங்கள். ஆயாவும் வருகிறார். ஸ்டூலை எடுத்துக்கொள்ளவா என்று இப்போதே கேட்டுக்கொண்டிருக்கிறார்.