இம்போசிஷனை நிறுத்திவிட்டேன்: இது மூளை அறிவியலா, வெறும் பேச்சா?

கரும்பலகை:
அரசு உயர்நிலைப் பள்ளியில் பத்தாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கிறேன். போன மாதம் ஒரு பயிற்சிக்கு அனுப்பினார்கள். தலைப்பு ‘மூளை சார்ந்த கற்றல்’. வண்ண வண்ணமாக மூளைப் படம், மத்தியானம் தயிர்சாதம், வழக்கம்போலத்தான். ஆனால் ஒரே ஒரு விஷயம் மனதில் நின்றது. படித்ததையே திரும்பத் திரும்பப் பார்ப்பதைவிட, புத்தகத்தை மூடிவைத்து நினைவிலிருந்து எடுத்துப் பார்த்தால்தான் அதிக நாள் நிற்குமாம்.

வந்ததும் ஒரு பையனின் நோட்டைப் பார்த்தேன். இடைக்கண்டத்தின் (மேல்பகுதி வெட்டிய கூம்பு) கன அளவுச் சூத்திரத்தைப் பத்து முறை இம்போசிஷன் எழுதச் சொல்லியிருந்தேன். அவன் ‘கன அளவு’ என்று மேலிருந்து கீழாகப் பத்து, பக்கத்தில் சமக்குறி பத்து, அதற்குப் பக்கத்தில் மூன்றில் ஒன்று பத்து, அப்புறம் பை பத்து என்று வரிசை வரிசையாக இறக்கியிருந்தான். பத்து முறை எழுதி முடித்தவன் சூத்திரத்தை ஒரு முறைகூட நினைக்கவில்லை. (நானும் அந்தக் காலத்தில் அப்படித்தான் எழுதினேன், அது வேறு கதை.)

அன்றோடு நிறுத்திவிட்டேன். இப்போது தினமும் முதல் ஏழு நிமிடம் போர்டில் மூன்று கணக்கு: நேற்று நடத்தியது ஒன்று, போன வாரத்தது ஒன்று, ஜூன் மாதத்தது ஒன்று. நோட்டு மூடியிருக்க வேண்டும். மார்க் கிடையாது. வேறு யாராவது இப்படிச் செய்கிறீர்களா?

அளவுகோல்:
நல்ல வேலை சார், விடாமல் செய்யுங்கள். ஆனால் தயவுசெய்து இதை மூளை அறிவியல் என்று சொல்லாதீர்கள். கல்லூரியில் உளவியல் நடத்துகிறவன் என்ற முறையில் எனக்குக் கொஞ்சம் எரிச்சல்.

ஜெர்மன் உளவியலாளர் எபிங்ஹவுஸ் மறதியை அளந்து எழுதியது 1885ல். அவரிடம் மூளை ஸ்கேனரா இருந்தது? அர்த்தமில்லாத அசைகளை மனப்பாடம் செய்து தன்னையே சோதித்துக்கொண்டார். நீங்கள் சொல்கிற விஷயத்துக்கு எல்லாரும் காட்டுகிற ஆய்வு ரோடிகரும் கார்ப்பிக்கும் 2006ல் வெளியிட்டது. மாணவர்களிடம் இரண்டு பத்திகளைக் கொடுத்தார்கள். ஒன்றை மறுபடி படித்தார்கள், இன்னொன்றைப் பார்க்காமல் எழுதிப் பார்த்தார்கள். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தால் மறுபடி படித்ததில் 81 சதவீதம் நினைவில் இருந்தது, எழுதிப் பார்த்ததில் 75. ஒரு வாரம் கழித்து அது அப்படியே தலைகீழ்: 42க்கு 56. இதில் மூளைப் படம் எங்கே வருகிறது? தாளும் பேனாவும்தான்.

ஜான் புரூயர் 1997லேயே எழுதிவிட்டார். நரம்பணுவிலிருந்து வகுப்பறைக்கு ஒரே தாவலில் போக முடியாது, நடுவில் உளவியலில் கால் வைத்துத்தான் போக வேண்டும் என்றார். பயிற்சி கொடுப்பவர்கள் நடுவில் இருப்பதை மறைத்துவிட்டுப் படத்தை மட்டும் காட்டுகிறார்கள்.

கரும்பலகை:
பெயரில் என்ன இருக்கிறது சார்? பலன் இருந்தால் போதாதா?

அளவுகோல்:
பெயரில்தான் வியாபாரமே இருக்கிறது. 2008ல் வைஸ்பெர்க் என்பவரும் உடன் இருந்தவர்களும் ஒரு சோதனை செய்தார்கள். உளவியல் விளக்கங்கள் சிலவற்றில், விஷயத்துக்குச் சம்பந்தமே இல்லாத மூளைத் தகவல் ஒரு வரியைச் செருகினார்கள். மோசமான விளக்கம்கூட, அந்த ஒரு வரியால் சாதாரண ஆட்களுக்கு நல்ல விளக்கமாகத் தெரிந்தது. நரம்பியல் நிபுணர்கள் மட்டும் ஏமாறவில்லை. உங்கள் பயிற்சி அரங்கில் எத்தனை நிபுணர்கள் இருந்தார்கள்?

மூணாம் பெஞ்ச்:
வாத்தியார்கள் நடுவில் ஒரு அப்பா பேசலாமா? அளவுகோல் சார் சொல்வது எனக்குக் காசு செலவழித்துப் புரிந்தது. மூளையின் நடுப்பகுதியைத் தூண்டிவிடுவதாகச் சொல்லும் ‘மிட்பிரெயின் ஆக்டிவேஷன்’ வகுப்பில் என் மகளைச் சேர்த்தேன். இரண்டு நாள் வகுப்பு. கண்ணைக் கட்டிவிட்டால் சீட்டுக் கட்டின் நிறத்தைச் சொல்வாள். வீட்டில் எல்லாரும் கைதட்டினோம். அப்புறம்தான் கவனித்தேன், ஒவ்வொரு முறையும் முகவாயைக் கொஞ்சம் தூக்குகிறாள். சீட்டை அவள் நெற்றிக்கு மேலே பிடித்தேன். ஒன்றும் வரவில்லை. மூக்கோரம் இருக்கிற இடுக்கு வழியாகப் பார்த்திருக்கிறாள், பாவம். அவளைத் திட்டவில்லை. பணம் கட்டியது நான்தானே.

கரும்பலகை:
அது மோசடி. நான் சொல்வதையும் அதையும் ஒரே தட்டில் வைக்காதீர்கள்.

காவேரிக்கரை:
நான் ஆறாம் வகுப்பு எடுக்கிறேன். தமிழ்தான் என் பாடம், ஆனாலும் கேட்கிறேன். சார், அந்த மூன்று கணக்கில் ஒன்றுமே தெரியாத பிள்ளை ஏழு நிமிடம் என்ன செய்கிறது என்று பார்த்தீர்களா? போன வருடம் ஸ்லிப் டெஸ்ட் வைத்தபோது நான் பார்த்தேன். ஒரு பெண்பிள்ளை தாளில் தேதி எழுதினாள். அடியில் கோடு போட்டாள். மார்ஜின் போட்டாள். கோடு சரியில்லை என்று அழித்துவிட்டுத் திரும்பப் போட்டாள். நேரம் முடிகிறவரை மார்ஜினே போட்டுக்கொண்டிருந்தாள். நினைவிலிருந்து எடு என்கிறீர்கள். உள்ளே எதுவும் போகவே இல்லையென்றால் எதை எடுக்கிறது?

என் வகுப்பில் 43 பேர். அதில் எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பவர்கள், ஒரு வரியை நிறுத்தாமல் வாசிக்க முடியாதவர்கள் பத்துக்கு மேல். எமிஸில் (பள்ளித் தகவல்களை ஏற்றும் இணையதளம்) பதிவு ஏற்றவே பாதி நேரம் போய்விடுகிறது. இதில் மூளையை எங்கே தேடுவது?

நெட்டுரு:
ஓய்வு பெற்ற தலைமையாசிரியன் நான். எல்லாரும் சேர்ந்து மனப்பாடத்தைக் கொன்றுவிட்டு, இப்போது வெள்ளைக்காரன் ஆய்வைக் காட்டி அதையே திரும்பக் கொண்டுவருகிறீர்கள். நாங்கள் பதினாறாம் வாய்ப்பாடு வரை ஒப்பித்தோம். குறள் ஒப்பிக்காமல் யாரும் வீட்டுக்குப் போனதில்லை. இம்போசிஷனை நிறுத்தியது தவறு. கை எழுதினால்தான் மனதில் பதியும். விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து எழுதட்டும்.

அளவுகோல்:
ஐயா, பாதி சரி. ஏககாலத்தில் மனதில் பிடித்து வைக்கக்கூடியது சுமார் நான்கு துண்டுத் தகவல்கள்தான் என்று உளவியலாளர் கோவன் 2001ல் கணக்குச் சொன்னார். ஏழெட்டு ஐம்பத்தாறு தானாக வந்தால்தான் அந்த நான்கு இடமும் கணக்கின் போக்கைப் பிடிக்கக் காலியாக இருக்கும். வாய்ப்பாடு தெரிந்தவன் பிழைத்தான். ஆனால் ஒப்பிப்பதும் இம்போசிஷனும் ஒன்றில்லை. ஒப்பிக்கும்போது புத்தகம் வாத்தியார் கையில், இம்போசிஷனில் பையன் எதிரில். கரும்பலகை சார் சொன்ன அந்த நோட்டை இன்னொரு முறை நினைத்துப் பாருங்கள்.

நாலு மணி விஷயத்தை விட்டுவிடுங்கள். பகலில் படித்தது தூக்கத்தில்தான் நினைவில் இறுகுகிறது. பதினொன்று வரை டியூஷன் ஹோம் ஒர்க் எழுதுகிற பிள்ளையை நாலு மணிக்கு எழுப்பினால், படித்ததை நாமே அழிக்கிறோம்.

கரும்பலகை:
தூக்கமா? ஆஹா, இப்போது மூளைக்குள் வந்துவிட்டீர்களே சார்!

காவேரிக்கரை டீச்சர், உங்கள் கேள்விதான் இங்கே பெரியது. மார்ஜின் போடுகிற பிள்ளை என் வகுப்பிலும் இருப்பான், நான் பார்க்கவில்லை. ஒத்துக்கொள்கிறேன். ஆனால் வாசிக்கத் தெரியாத பிள்ளைகள் விஷயத்தில்தான் மூளை ஆய்வு உருப்படியாக ஏதோ சொல்கிறது என்று நினைக்கிறேன். எழுத்துக்கென்று மூளையில் பிறவியிலேயே ஒதுக்கிய இடம் கிடையாது. முகம், பொருள் எல்லாம் அடையாளம் காண்கிற பகுதியில் எழுத்து தனக்கு ஓர் இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. மூளை ஆய்வாளர் டெஹேனும் குழுவினரும் பிரேசில், போர்ச்சுகல் ஆட்களை வைத்து 2010ல் இதைக் காட்டினார்கள். பெரியவர்களான பிறகு எழுத்துக் கற்றவர்களிடமும் அந்த மாற்றம் இருந்தது. ஆறாம் வகுப்பு தாமதம்தான், ஆனால் காலம் கடந்துவிடவில்லை.

அளவுகோல்:
வயதானவர்களும் எழுத்துக் கற்கலாம் என்பதை அறிவொளி இயக்கம் 1990களில் புதுக்கோட்டையில் காட்டிவிட்டது சார். கையில் ஸ்கேனர் இல்லை, பெட்ரோமாக்ஸ்தான் இருந்திருக்கும்.

காவேரிக்கரை:
சிரித்துவிட்டேன். ஆனால் கரும்பலகை சார் பக்கம் ஒரு வார்த்தை. முன்பு கீழ் வகுப்பு எடுத்தபோது, ‘ட’வைக் கண்ணாடியில் பார்ப்பதுபோலத் திருப்பிப் போடுகிற பிள்ளைகள் மேல் எனக்குக் கோபம் வரும். கவனமில்லை என்று விரலில் ஒரு தட்டுத் தட்டுவேன். நம் கண்ணும் மூளையும் ஒரு பொருளை இடமிருந்து பார்த்தாலும் வலமிருந்து பார்த்தாலும் ஒன்றென்றே எடுத்துக்கொள்ளும், எழுத்துக்காகத்தான் குழந்தை அந்தப் பழக்கத்தை விட வேண்டியிருக்கிறது என்று பிறகு படித்தேன். அப்புறம் தட்டவில்லை. ஸ்கேனர் எனக்குச் சொல்லிக்கொடுத்தது அவ்வளவுதான், ஆனால் அது எனக்குச் சின்ன விஷயம் இல்லை.

அளவுகோல்:
இதற்கு என்னிடம் பதில் இல்லை, டீச்சர். வைத்துக்கொள்ளுங்கள்.

கரும்பலகை:
இன்னொரு சிக்கல். அளவியல் பாடத்தில் உருளை, கூம்பு, கோளம், இடைக்கண்டம் எல்லாவற்றையும் கலந்து கொடுக்க ஆரம்பித்தேன். முன்பு கூம்பு நடத்தினால் இருபது கூம்புக் கணக்கு. இப்போது எது எந்த உருவம் என்று பிள்ளைகளே கண்டுபிடிக்க வேண்டும். வாரத் தேர்வில் மார்க் இறங்கிவிட்டது. ‘பாஸ் பர்சன்டேஜ் என்னாகும்’ என்று எச்.எம். கேட்கிறார்.

அளவுகோல்:
இறங்கத்தான் செய்யும். ரோரரும் உடனிருந்தவர்களும் ஏழாம் வகுப்புப் பிள்ளைகளை வைத்து 54 வகுப்பறைகளில் இதைச் செய்து 2020ல் வெளியிட்டார்கள். ஒரு மாதம் கழித்து, சொல்லாமல் வைத்த தேர்வில் கலந்து போட்டவர்களுக்கு 61 சதவீதம், ஒரே வகையாகப் போட்டவர்களுக்கு 38. எச்.எம்.மிடம் இதைக் காட்டுங்கள். மூளைப் படம் கேட்டால் மட்டும் காட்டாதீர்கள்.

நெட்டுரு:
எச்.எம். நாற்காலியில் உட்கார்ந்து பாருங்கள் தம்பி. ஒரு மாதம் கழித்து என்றெல்லாம் மேலிடத்தில் சொல்ல முடியாது. மீட்டிங் வெள்ளிக்கிழமை.

காவேரிக்கரை:
அது உண்மை.

சரி, மார்ஜின் போடுகிற பிள்ளைக்கு என்ன செய்யப் போகிறீர்கள் சார்? நாளைக்கு முதல் கணக்கு என்ன?

கரும்பலகை:
ஓர் உருளை படம். ஆரம் எங்கே, உயரம் எங்கே என்று குறிக்க வேண்டும். அவ்வளவுதான்.

நெட்டுரு:
பத்தாம் வகுப்புக்கு இது ஒரு கணக்கா?

கரும்பலகை:
இன்றைக்குச் சும்மா கேட்டுப் பார்த்தேன் ஐயா. பதினோரு பேர் விட்டத்தை ஆரம் என்று குறித்தார்கள். அதில் நான்கு பேர் சூத்திரத்தைப் பத்து முறை எழுதியவர்கள்.